நான் வெட்டிய ஆறு அங்குலம்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதம் உறைக்குள் வராமல் நம் பங்குப் பத்திரிகையில் அச்சாகி வருவதைப் பார்த்து, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, முகவரியை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. முகவரி நன்றாக நினைவிருக்கிறது. திண்டிவனம் தாலுகா கச்சேரியில், ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களையும் சேர்த்து ஐம்பது பேர் கேட்க, உன் மேல் ஒரு பழி விழுந்தது. அது பொய்ப் பழி என்பதை ஒட்டிய உறைக்குள் வைத்து உனக்கு மட்டும் சொல்வது நியாயம் ஆகாது. அன்று கேட்டவர்களில் பலர் வீட்டுக்கு இந்தப் பத்திரிகை போகிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. அதனால்தான் பங்குச் சாமியாரிடம் கேட்டு இத்தனை பக்கம் வாங்கினேன். சுருக்கமாக எழுதுங்கள் என்றார். முப்பது வருஷம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவளிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று பதில் சொன்னேன்.

முதலில் உன் செய்தி. வங்காளத்து ரைபிள் தொழிற்சாலையில் உன்னைக் குழல் பரிசோதகனாக நிரந்தரம் செய்யப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு குழலையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே தெரியும் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும், வாய் கோணலாக இருந்தால் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாக வைப்பதும் உன் வேலை என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தேன். பிறகு பக்கத்து வீட்டு மரியாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து உரக்கப் படித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "தம்பி வெள்ளக்காரன் செஞ்சத வேணாம்னு தள்ளி வெக்கிதா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது, எனக்கும்தான். பெருமையை வெளியே காட்டக்கூடாது என்று கன்னியர் மடத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் அதைக் கடைப்பிடிக்கப் போவதில்லை.

உனக்குத் தெரிந்ததையே இங்கே கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, மற்றவர்களுக்காகப் பொறுத்துக்கொள். உன் அப்பா முகையூரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர். பாதை போடுகிற பட்டாளம். பஸ்ராவில் மணலில் ரோடு போட்டுவிட்டு, காது பாதி மந்தமாகித் திரும்பி வந்தார். வந்த பிறகு கிடைத்த நாலு ஏக்கரில் நிலக்கடலை, நம் ஊர் வழக்கில் மல்லாட்டை, போட்டோம். காட்டுப் பன்றி ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைக் கிளறிப் போடும் நிலம் அது. அவருடைய பட்டாளத்து அதிகாரி சீமைக்குத் திரும்பும்போது தன் ஒற்றைத் தோட்டா ரைபிளை அவருக்குக் கொடுத்து, பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நம் தெருவில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த ஒரே வீடு நம்முடையது. ஊர்த் தெருவிலேயே இரண்டு பேரிடம்தான் இருந்தது, அதுவும் வாய் வழியாக மருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி. வாங்கி வந்த அன்றே அப்பா மாட்டுக்கொட்டகையின் இரண்டு பலகை அடுக்கிய பழைய கதவைக் கழற்றி ஏரிக்கரையில் சாத்தி, நூறு தப்படி தள்ளிப் படுத்து ஐந்து முறை சுட்டார். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. ஐந்தும் இரண்டு பலகையையும் துளைத்துக்கொண்டு கரை மண்ணுக்குள் போயின. அதற்குப் பிறகு அந்தக் கதவை அவர் திரும்ப மாட்டவே இல்லை, புதுக் கதவு செய்தார். பழையதைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டுவார்.

அவர் இறந்த பிறகு லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது. என் சார்பில் சுடுவதற்கு உன் பெயரையும் அதில் எழுதினார்கள். வருஷத்துக்கு ஒரு முறை துப்பாக்கியைத் திண்டிவனத்துக்கு எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். பஸ் நிற்கிற இடம் ஊர்த் தெருவின் கோடியில். அப்பா இருந்தவரை பட்டாளத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தத் தெரு வழியாக நேராக நடப்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். முதல் வருஷம் நான் கோணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். குழல் பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மணியக்காரர் தம் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இன்னா டீச்சரம்மா, எங்க தெருவுல சாமி ஊர்வலம் எட்த்துக்கினு போறீங்களா? கொஞ்சம் தாழ்த்திப் புடிச்சிக்கினு போவலாமே" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கும் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். பையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த வருஷம் மடத்தில் படித்தபோது வைத்திருந்த என் தகரப் பெட்டியைத் தட்டுமுட்டிலிருந்து எடுத்தேன். துப்பாக்கியை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தேன். ஆறு அங்குலம் மிஞ்சியது. பள்ளிக்கூட அடிக்கோலால் மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் ஆறுதான். கட்டையைக் குறைத்தால் தோளில் வைக்க முடியாது. குழலைக் குறைத்தால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன். துப்பாக்கியின் எண் உடலில்தான் பொறித்திருக்கிறது, குழலில் இல்லை, கச்சேரியில் அந்த எண்ணை மட்டும்தான் பார்ப்பார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்வதற்கில்லை. திண்டிவனத்தில் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற ஒரு கொல்லரிடம் கொண்டுபோனேன். அவர் தயங்கினார். நான் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்து, கோட்டின் மேலேயே அறுக்க வேண்டும், அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் ரம்பத்தால் அறுத்து, குறி பார்ப்பதற்குக் குழல் நுனியில் இருக்கும் முன்குறியைப் பின்னால் தள்ளிப் பற்றவைத்துக் கொடுத்தார். ரைபிள் பெட்டிக்குள் அழகாக அடங்கியது. அந்த வருஷம் ஊர்த் தெருவில் ஒருவரும் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி தூக்கிக்கொண்டு போகிற ஒரு டீச்சரைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

நீ அப்போது விழுப்புரத்தில் ரயில் எஞ்சின் கொட்டகையில் ஃபிட்டர் வேலை பழகிக்கொண்டிருந்தாய். லீவில் வந்தவன் பெட்டியைத் திறந்ததும் குழலைக் கையில் எடுத்து, வாயை விரலால் தடவிப் பார்த்தாய். அப்பா இருந்தால் அழுதிருப்பார் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பன்றி வருவதற்குள் ஐந்து தோட்டாவாவது பலகையில் சுட்டுப் பார்க்க வேண்டும், வெட்டிய துப்பாக்கி பழைய துப்பாக்கி இல்லை என்றாய். வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று லைசென்ஸில் எழுதியிருக்கிறது, பலகையைச் சுட்டு விளையாடுவதற்கு இல்லை என்றேன். "ஒண்ணே ஒண்ணும்மா" என்றாய். அதற்கும் முடியாது என்றேன். மடத்தில் ஒரு ஸ்லேட்டுப் பல்பத்தைக்கூட விரல் நுனியில் பிடிக்க முடியாத அளவு தேய்கிறவரை எழுதியவள் நான். சிக்கனம் எங்கே நல்லது, எங்கே பாவம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது. இன்று நீ உட்கார்ந்திருக்கும் இடத்தில், இதற்குச் சோதனை வேண்டாம், நேரமில்லை, நேரே அனுப்பிவிடு என்று சொல்லும் மேலதிகாரி ஒருவர் என்றைக்காவது வருவார். அவர் கெட்டவராக இருக்க மாட்டார், என்னைப் போல ஒழுங்கான மனிதராகத்தான் இருப்பார். அவர் சொல்வதைக் கேட்காதே.

நாலாம் நாள் விடியும் நேரத்தில் பன்றி வந்தது. வரப்பில் படுத்து, நூறு தப்படியில், அப்பா எத்தனையோ முறை சுட்ட அதே தூரத்தில் நீ சுட்டாய். நான் மடுவு ஓரம் நின்றிருந்தேன். முன்பு கேட்டதைவிடப் பெரிய சத்தம், குழல் வாயில் ஒரு பந்து நெருப்பு. குட்டையானாலும் பலம் கூடியிருக்கிறது என்று எனக்குத் திருப்தியாகவே இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். குண்டு பன்றியின் தோளில் படவில்லை. ஒரு சாண் இடப்பக்கம் விலகி, கீழே தாழ்ந்து, பின்தொடையில் பட்டது. அது விழவில்லை, திரும்பி ஓடியது. பக்கத்து நிலத்தில் முனுசாமி கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கக் கவலைக்கு மாடு பூட்டிக்கொண்டிருந்தான். அவன் மணியக்காரருக்குப் பங்காளி. சொந்த நிலத்தில் தானே இறங்கிப் பாடுபடுகிறவன். சத்தம் கேட்டு நிமிர்ந்தவனின் தொடையைப் பன்றியின் கோரைப்பல் முழங்காலிலிருந்து மேலே கிழித்துவிட்டது. நீ துப்பாக்கியை வரப்பிலேயே போட்டுவிட்டு ஓடினாய். உன் வேட்டியைக் கிழித்துக் கட்டினாய். அவனுடைய மாட்டையே வண்டியில் பூட்டி, திண்டிவனம் ஆஸ்பத்திரி வரை அவன் காலை உன் மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனாய். அவன் பிழைத்தான். ஆனால் அன்று முதல் அந்தக் கால் மடங்குவதில்லை.

முனுசாமி புகார் சொல்லவில்லை. மணியக்காரர் சொன்னார். துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவர்களுக்கு லைசென்ஸ் எதற்கு என்று எழுதிப் போட்டார். தாசில்தார் விசாரணைக்குக் கூப்பிட்டார். கச்சேரியில் டபேதார் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். தலைமை ஆசிரியை என்பதால் போட்டான். நம் தெருவிலிருந்து அந்தக் கச்சேரிக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். நீ நின்றுகொண்டிருந்தாய். உன் அப்பா குறி தவறாதவர் என்கிறார்களே, நீ ஏன் தவறினாய் என்று தாசில்தார் கேட்டார். நீ என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாய். குழலை வெட்டியது நான் என்று அப்போது நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் லைசென்ஸ் போகும், ஒருவேளை வேலையும் போகும். அதெல்லாம் பிறகு யோசித்த காரணங்கள். அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: சொன்னால் இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்தே இருந்தேன். நீ அவரைப் பார்த்துத் திரும்பினாய்.

"அவசரப்பட்டு சுட்டுட்டேன் சார். தப்பு என்னோடதுதான்."

அஜாக்கிரதையாகச் சுட்டு ஆளுக்குக் காயம் விளைவித்தவன் என்று எழுதினார்கள். லைசென்ஸிலிருந்து உன் பெயரை அடித்தார்கள். இனி அந்தத் துப்பாக்கியை நீ தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். வெளியே வந்தபோது மணியக்காரர் உன்னிடம், "போயி எஞ்சினுக்கு எண்ணெ போடு தம்பி, அது ஓடாம நிக்கும்" என்றார்.

அடுத்த மாதம் லீவில் வந்தபோது உன் முகம் இளைத்திருந்தது. குறி தவறியது உன் கையாலா, குழலாலா என்பது தெரிய வேண்டும் என்றாய். பிறருக்குச் சொல்வதற்கு இல்லை, எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றாய். ஆனால் துப்பாக்கியைத் தொட மாட்டேன், உத்தரவு உத்தரவுதான் என்றும் சொன்னாய். அப்படியென்றால் யார் சுடுவது என்றேன். "லைசென்ஸ் யார் பேர்ல இருக்குதும்மா?" என்றாய். இப்படித்தான் ஐம்பத்து நாலு வயதில், வெள்ளைப் புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக, வற்றிய ஏரியில் கோரைப் பாயை விரித்துக் குப்புறப் படுத்தேன். அப்பா சுட்ட கதவையும் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பக்கத்தில், அதே கொட்டகையில் மிஞ்சிய பலகைகளை அதே மாதிரி இரண்டாக அடுக்கிக் கரையில் சாத்தினாய். முன்கட்டை அசையாமல் இருக்க மணல் மூட்டை வைத்தாய். மூன்று தப்படி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். மறந்துகூடக் கை வந்துவிடக்கூடாது என்பதற்காக.

"தோள்ல நல்லா அணச்சிப் புடிம்மா. மூச்ச பாதியில நிறுத்து. இழுக்காத, அமுக்கு" என்று நீ சொல்லிக்கொண்டிருக்கும்போதே முனுசாமி தடியை ஊன்றிக்கொண்டு கரை மேல் வந்து உட்கார்ந்தான். "இன்னா டீச்சரம்மா, பன்னிய சுட்டது பத்தாதுன்னு கதவ சுட்டுக்கினு இருக்கீங்க?" என்றான்.

"கதவு ஓடாது முனுசாமி. அதான்" என்றேன்.

"அதுவும் சரிதான். இன்னொரு காலு பாக்கி இருக்குது, நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன்" என்றான். நீ சிரித்தாய். அவன் சிரிப்பதற்காகத்தான் சொன்னான் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

ஐந்து சுட்டேன். தோள் கன்றிப்போயிற்று. நீ அடிக்கோலோடு போய் அளந்தாய். ஐந்தும் இடப்பக்கம் விலகி, கீழே தாழ்ந்து, இரண்டு சாண் அகலத்துக்குச் சிதறியிருந்தன. ஒன்றுகூட இரண்டாவது பலகையைத் தாண்டவில்லை, உள்ளேயே புதைந்துவிட்டன. அப்பாவின் ஐந்து ஓட்டைகளும் பக்கத்திலேயே வெளிச்சம் தெரிய இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நீ எனக்குச் சொன்ன பாடத்தை என் பிள்ளைகளில் ஒருவரும் இவ்வளவு தெளிவாக ஒப்பித்ததில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன். மருந்து ஒரே நொடியில் எரிந்து முடிவதில்லை. எரிந்துகொண்டே, குண்டு குழலுக்குள் இருக்கும் வரை அதைத் தள்ளிக்கொண்டே வருகிறது. குழலைக் குறைத்தால் தள்ளும் தூரம் குறைகிறது, வேகம் குறைகிறது. மிச்ச மருந்து வெளியே வந்து எரிகிறது. நான் பலம் என்று நினைத்த அந்தச் சத்தமும் நெருப்பும் குண்டுக்குப் போய்ச் சேராமல் வீணான பலம். வேகம் குறைந்த குண்டு நூறு தப்படி போவதற்குள் கூடுதலாகத் தாழ்கிறது. அடுத்து, முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவில் இடைவெளி குறைந்துபோயிற்று. கண்ணுக்கு எதிரே ஒரு நூல் பிசகினால் அது பலகையில் முன்பைவிடப் பெரிய பிசகாகப் போய் விழும்.

ஆனால் இது இரண்டும் இவ்வளவு சிதறலுக்குப் போதாது என்று நீயே சொல்லிவிட்டு, என்னைக் குழல் வாயில் பள்ளிக்கூட மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கச் சொன்னாய். ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. கொல்லர் என் கோட்டின் மேலேதான் அறுத்திருந்தார். கோட்டைத்தான் நான் கோணலாகப் போட்டிருந்தேன். உருண்டையான ஒன்றின் மேல் தட்டையான அடிக்கோலை வைத்து நேர்கோடு போட முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. குண்டு வெளியே வரும் நொடியில் ஒரு பக்கம் முன்னால் திறந்துகொள்கிறது, பின்னாலிருந்து வரும் புகை அந்தப் பக்கமாகப் பீறிட்டு அதை ஒதுக்கிவிடுகிறது என்றாய். "நீளம் போனதுல வேகம் போச்சும்மா. வாய் கோணுனதுலதான் வழி போச்சு." இதை நீ யாரையும் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. ஒரு கணக்கு சரியாக வந்தால் எவ்வளவு சந்தோஷமாகச் சொல்வாயோ அப்படிச் சொன்னாய். உன் கையில் தப்பில்லை என்று தெரிந்ததும் உனக்கு அது போதுமாக இருந்தது. பழி யாருக்குப் போக வேண்டும் என்று நீ தேடவில்லை.

பிறகு நான் நுண்ணரத்தால் தேய்த்தேன், நீ தொடாமல் நின்று பார்த்தாய். மூலைமட்டத்தில் வெளிச்சம் தெரியாமல் போக இரண்டு நாள் ஆயிற்று. எஞ்சின் கொட்டகையிலிருந்து வால்வு தேய்க்கும் பசை கொஞ்சம் கேட்டு வாங்கி வந்திருந்தாய். உருண்டைத் தலை வைத்த பித்தளைத் திருகாணியில் அதைத் தடவி, கை டிரில்லில் மாட்டி, குழல் வாயின் உள்விளிம்பு சுற்றிலும் சமமாகத் தேய, அங்கே வைத்து என்னைச் சுற்றச் சொன்னாய். மறுபடி ஏரிக்குப் போனோம். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன, அப்பாவினுடையதைவிடச் சற்று நெருக்கமாக என்று முனுசாமி சத்தியம் செய்தான். ஆனால் எல்லாம் கீழே தாழ்ந்தே இருந்தன. முன்குறியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குண்டு படும் இடத்தை மேலே ஏற்றினேன். குட்டைக் குழல் நீளக் குழலைப் போலவே நேராகச் சுடும், அதில் குறை இல்லை. போன வேகத்தைத்தான் எந்த அரத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது, இனி இன்னும் பக்கத்தில் போய்த்தான் சுட வேண்டும் என்றாய். அந்த வருஷத்துத் தோட்டா முழுவதும் பலகையில் தீர்ந்தது. முன்பே கொடுத்திருக்க வேண்டிய ஒன்றை மறுத்ததற்காக அத்தனையையும் கொடுத்தேன்.

நாளைக்கே கச்சேரிக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அன்று சொன்னேன். வேண்டாம், லைசென்ஸும் வேலையும் போய்விடும் என்றாய். நீ தடுத்ததால்தான் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நீ ஒரு தடவைதான் சொன்னாய். நான் ஒரு தடவையிலேயே கேட்டுக்கொண்டேன். வேறு எந்த விஷயத்திலாவது நீ சொல்லி நான் ஒரே தடவையில் கேட்டிருக்கிறேனா?

யுத்தம் வந்து, ரைபிள் தொழிற்சாலைக்கு ஃபிட்டர்கள் வேண்டும் என்று எடுத்தபோது நீ போனாய். அங்கே தேர்வு வைத்ததை நீ எழுதியிருந்தாய்: ஒரு குழலைக் கையில் கொடுத்து இதில் என்ன குறை என்று கேட்டார்கள், மற்றவர்கள் எல்லாரும் உள்ளே பார்த்தார்கள், சுருள் சுருளாக ஓடும் புரிகளை எண்ணினார்கள், நீ மட்டும் முதலில் வாயில் மூலைமட்டத்தை வைத்தாய். கேள்வி கேட்ட துரை உன் பெயரை எழுதிக்கொண்டார் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்குப் பெருமையும் வெட்கமும் ஒரே அளவு இருந்தது. இப்போது சொல்கிறேன், அந்த மூலைமட்டத்தை நீ எடுத்தது என் தப்பினால் அல்ல. என் தப்பு ஒரு கோணல் குழலைத்தான் உண்டாக்கியது. அதிலிருந்து ஒரு தொழிலை உண்டாக்கியது நீ. ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், உத்தரவை மீறாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று அதை உண்டாக்கினாய்.

போன மாதம் ஒரு பகலில் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். உன்னை நிரந்தரம் செய்வதற்கு முன் ஊரில் விசாரித்து எழுதச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது என்றார். குடும்பம், நடத்தை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு தாலுகா கச்சேரியின் பழைய காகிதக் கட்டிலிருந்து எடுத்த ஒரு வரியை வாசித்துக் காட்டினார். அஜாக்கிரதையாகச் சுட்டு ஆளுக்குக் காயம் விளைவித்தவன். "வேற வேலைன்னா பரவால்லம்மா. துப்பாக்கி செய்ற எடமாச்சே. இந்த ஒரு வரி அங்க போய்ச் சேந்துட்டா தம்பிக்குக் கஷ்டந்தான்" என்றார். நல்ல மனிதர். மூன்று நாள் பொறுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். சரி என்றார்.

மறுநாளே முனுசாமியின் வண்டியில் போனேன். ரைபிள், நான் எடுத்து வைத்திருந்த அறுத்த ஆறு அங்குலத் துண்டு, அப்பாவின் கதவு, நான் சுட்ட பலகைகள் எல்லாவற்றையும் ஏற்றினோம். முனுசாமி தானே வருகிறேன் என்றான். காயம் பட்டவன் வராமல் எப்படி என்றான். புதுத் தாசில்தார் இளைஞர், பொறுமையாகக் கேட்டார். துண்டை அளந்தார், பலகைகளைத் தூக்கிப் பிடித்து வெளிச்சம் பார்த்தார். வேகத்தையும் வாயையும் பற்றி நீ சொன்ன பாடத்தை நான் அவருக்குச் சொன்னேன். இடையில் ஒரு கேள்வி கேட்டார், அதற்கும் பதில் தெரிந்திருந்தது. முனுசாமி தன் பங்குக்கு, "என் காலக் கட்னது இந்தப் புள்ள கைதான் சார். அது சுட்டதுல தப்பில்ல, துப்பாக்கிலதான் தப்பு. எங்க பெரியவரு மணியக்காரரு எழுதிக் குட்த்தது அவரா எழுதுனது, நான் சொல்லல" என்றான். பெருவிரல் வைத்தான். தாசில்தார் என்னைப் பார்த்து, இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் வெட்டினீர்கள் என்றார். பெட்டிக்குள் அடங்கவில்லை என்று பல வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"அந்தத் தெருவுக்குப் பயந்து வெட்டினேன் சார்" என்றேன்.

அவர் அந்த வார்த்தைகளையே எழுதினார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. இதையெல்லாம் தைரியம் என்று நினைத்துக்கொள்ளாதே. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன, இழக்க என்னிடம் அதிகம் இல்லை. அன்று சொல்லியிருந்தால் தைரியம். இன்று சொன்னது வெறும் நியாயம், அதுவும் தாமதமாக.

லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். அப்பாவின் ரைபிளைக் கச்சேரியில் ஒப்படைத்துவிட்டேன். எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வெளியே வரும்போது கை வெறுமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. மல்லாட்டைக்கு இந்த வருஷம் முனுசாமி தன் ஆட்களோடு தப்பட்டை அடித்துக் காவல் பார்க்கிறேன் என்கிறான். பன்றி அவனைக் கண்டால் சிரிக்கும் என்கிறாள் மரியாள். பார்ப்போம்.

உத்தரவின் நகல் ஒன்றைப் போலீஸ்காரரிடம் கொடுத்தேன், அது உன் தொழிற்சாலைக்குப் போயிருக்கும். இன்னொன்று உனக்குத் தனியாகத் தபாலில் வருகிறது. வந்ததும் முதல் பக்கத்தைப் பார். உன் பெயருக்கு எதிரே இருந்த அந்த வரியைச் சிவப்பு மசியால் அடித்து, தாசில்தார் ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடுத்த பக்கத்தில் என் பெயருக்கு எதிரே ஒரு வரி ஏறியிருக்கிறது. இரண்டையும் நான் நிதானமாகப் படித்துப் பார்த்தேன், மகனே. இரண்டும் சரியாக இருக்கின்றன.

உன் அம்மா